பிள்ளைக்குக் காய்ச்சல் அளக்கிறோம், பெத்தவங்களுக்கு?

இது திருவிழா அறிவிப்பு இல்லை. நன்கொடை கேட்கும் பதிவும் இல்லை. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். எம்ஆர்டியில் போகும்போது படிச்சாலும் சரி, தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

அர்ச்சனைச் சீட்டு எழுதும் கௌண்டரில் உட்காரும் தொண்டூழியர்கள் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். வழக்கமா ஒரு குடும்பம் வந்தால் அப்பா பேர், அம்மா பேர், பிள்ளைங்க பேர், நட்சத்திரம், ராசி எல்லாம் வரிசையா வரும். சில பேர் ஊரில் இருக்கும் பாட்டி பேரையும் சேர்க்கச் சொல்வாங்க, நாங்க சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதுவோம். ஆனால் கடுமையான நோயில் கிடக்கும் பிள்ளையைப் பெத்தவங்க வந்தால் ஒரே பேர்தான். பிள்ளையின் பேர். "உங்க பேரும் போடட்டுமா?" என்று கேட்டால், "வேண்டாம், அவனுக்கு மட்டும் போதும்" என்பார்கள். ஏதோ இரண்டு பேர் சேர்த்தால் சாமியின் அருள் பாதியாப் பிரிஞ்சிடும் என்பது போல.

கிளமெண்டியில் இருக்கும் நமக்கு இப்படிப்பட்ட குடும்பங்கள் புதுசு இல்லை. கெண்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை நம்ம பேட்டைக்குப் பக்கம். கிளமெண்டியில் ஏறி, புவன விஸ்தாவில் மாறி, இன்னும் இரண்டு நிறுத்தம். பிள்ளைகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை அங்கே நடக்குது. இன்னொரு பக்கம் புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே வந்துவிடலாம். வீரமாகாளியம்மன் சன்னதியில், கையில் மருத்துவமனைப் பட்டை கட்டிய பெற்றோரை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஊரில் இருந்தும், ஜோகூரில் இருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே சிகிச்சைக்கு வருபவர்களும் உண்டு. ஒரு மாசம் என்று நினைத்து வந்து, தீபாவளி, பொங்கல் எல்லாம் இங்கேயே கழிப்பார்கள்.

இந்தப் பெற்றோர் சுமக்கும் பாரத்தை அளக்க முடியுமா, அளக்க வேண்டுமா என்பதுதான் இன்றைக்குப் பேச வந்தது. முடியும், வேண்டும் என்பது எங்கள் கருத்து. அளந்த பிறகு செய்ய வேண்டியதில் பெரும்பகுதி கோயிலுக்கு வரும் நம்ம கையில் இருக்கிறது என்பதும் எங்கள் கருத்து.

முதலில் பிள்ளைக்கு எவ்வளவு நுட்பமா அளக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து மா-ஸ்போர் 2003 என்ற சிகிச்சைத் திட்டத்தை நடத்தின. நம்ம பக்கத்து மருத்துவமனை அதில் முன்னணியில் நின்றது. சிகிச்சை தொடங்கி ஒரு மாதம் கழிச்சு, அப்புறம் பன்னிரண்டாவது வாரம், பிள்ளையின் எலும்பு மஜ்ஜையில் நோய் செல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணினார்கள். பத்தாயிரத்தில் ஒரு செல் இருந்தாலும் கண்டுபிடிக்கும் அளவு. அந்த எண்ணிக்கை வேகமாக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடும் மருந்துகளைக் குறைத்தார்கள், குறையாத பிள்ளைகளுக்குக் கூட்டினார்கள். 2012-இல் முடிவுகள் வெளியாயின. மருந்தைக் குறைத்தும் பிள்ளைகள் நல்லாவே தேறினார்கள். சரியா அளந்ததால் எத்தனையோ பிள்ளைகளுக்கு வேண்டாத வேதனை மிச்சமாச்சு. நம்ம வட்டாரத்தில் நடந்த இந்தச் சாதனையை நாம் தைப்பூசக் கூட்டத்தில் மைக் போட்டுச் சொல்லலாம், அவ்வளவு பெருமை.

இப்போ அதே கட்டிலுக்குப் பக்கத்தில், இழுத்தால் படுக்கையாகும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பாருங்கள். அவங்களுக்கு என்ன அளவுகோல்? "அம்மா, ஓகேவா?" என்று போகிற போக்கில் ஒரு கேள்வி. "ஓகே" என்று ஒரு பதில். முடிஞ்சது.

அளவுகோல் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ராண்டி ஸ்ட்ரைசண்ட் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2001-இல் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோருக்காகச் செய்தது. பிறகு நீரிழிவு போன்ற மற்ற நோய்களுக்கும் பயன்பட்டது. 42 விஷயங்கள். டாக்டரிடம் பேசுவது, சொந்தக்காரர்களுக்கு விவரம் சொல்வது, பிள்ளைக்கு மருந்து கொடுப்பது, ஊசி போடும்போது பக்கத்தில் நிற்பது, பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது, தூக்கம் வராதது, வேலைக்குப் போக முடியாதது, மற்ற பிள்ளைகளைக் கவனிக்க நேரம் இல்லாதது, இப்படி அன்றாடம் நடக்கும் விஷயங்கள்தான்.

அதில் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஒன்று. ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு கேள்வி. கடந்த ஏழு நாளில் இது எத்தனை தடவை நடந்தது? அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்தது? இரண்டுக்கும் தனித்தனியா 1 முதல் 5 வரை மதிப்பெண்.

ஏன் இரண்டு என்று யோசிச்சுப் பாருங்கள். ராத்திரி மூணு தடவை எழுந்து மருந்து கொடுக்கும் அம்மாவுக்கு அது பழகிப்போயிருக்கலாம். எண்ணிக்கை அதிகம், கஷ்டம் குறைவு. ஆனால் மாசத்தில் ஒரே ஒரு நாள், முதுகுத்தண்டில் ஊசி போடுவதற்குப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பிள்ளை "அம்மா, வேண்டாம்னு சொல்லும்மா" என்று கத்தும். எண்ணிக்கை ஒன்று, கஷ்டம் அஞ்சுக்கு அஞ்சு. வெளியே இருந்து பார்க்கும் நமக்கு ராத்திரித் தூக்கம் கெடுவதுதான் பெரிய கஷ்டமாத் தெரியும். "பாவம், தூங்காம இருக்கியே" என்போம். அவங்க நெஞ்சில் கிடப்பது வேறு. அந்தப் பொண்ணு பிள்ளையின் கையைப் பிடிச்ச நிமிஷத்தை நினைச்சுக்கிட்டு நம்ம முகத்தைப் பார்த்துச் சிரிப்பாங்க.

அப்பாக்களுக்கு வேறு கணக்கு. வேலைக்குப் போயே ஆகணும், வீட்டு வாடகை, மருத்துவமனை பில் ரெண்டும் இருக்கு. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது வாட்ஸ்அப்பில் இரத்தப் பரிசோதனை எண் வரும். அதைப் பார்த்துட்டு மறுபடி மீட்டிங். இங்கே குடிமக்களான பிள்ளைகளுக்கு ஏழு வயது வரை பெற்றோர் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு, அதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரை இரண்டு நாள். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் நடக்கும். முதல் மாதத்தில் மட்டுமே எத்தனை நாள் மருத்துவமனை என்று போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆறு நாள் முதல் வாரத்திலேயே காலி. மிச்சமெல்லாம் முதலாளியின் நல்ல மனசு, சம்பளம் இல்லாத விடுப்பு, இல்லாவிட்டால் ஒருத்தர் வேலையை விடுவது. பெரும்பாலும் அம்மாதான் விடுவாங்க. இந்த ஆய்வுகளில் பதில் எழுதுபவர்களும் பெரும்பாலும் அம்மாக்கள்தான், ஏனென்றால் அந்த நேரத்தில் மருத்துவமனையில் இருப்பது அவர்கள். அப்பாவின் பாரம் அளக்கப்படாமலே போகுது. நம்ம கோயிலிலும் அப்படித்தானே? அம்மாவிடம் நாலு பேர் கேட்பாங்க. அப்பா கொடிமரத்துக்குப் பக்கத்தில் போனைப் பார்த்துக்கிட்டு நிற்பார், அவரிடம் கார் எங்கே நிறுத்தினீங்க என்றுதான் கேட்போம்.

"இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, சாமியைக் கும்பிட்டால் சரியாயிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கும்பிடுவது வேண்டாம் என்று நாங்க சொல்வோமா? ஆனால் இந்தப் பாரம் மனசோடு நிற்பதில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2004-இல் எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் இருவரும் தங்கள் குழுவோடு சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிளாக்பர்ன் பிறகு 2009-இல் நோபெல் பரிசு வாங்கியவர். 58 தாய்மார்கள். அதில் 39 பேருக்கு நாள்பட்ட நோயுள்ள பிள்ளை, 19 பேருக்கு ஆரோக்கியமான பிள்ளை. நம் செல்லில் இருக்கும் குரோமோசோமின் முனையில் டெலோமியர் என்று ஒன்று இருக்கிறது. செருப்புக் கயிறு நுனியில் பிளாஸ்டிக் மூடி இருக்குமே, கயிறு பிரியாமல் இருக்க, அது மாதிரி. வயசாக ஆக அது குட்டையாகும். எத்தனை வருஷமாப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்களோ அந்த அளவுக்கு அந்தத் தாய்மார்களுக்கு அது குட்டையா இருந்தது. மனப்பாரம் ரொம்ப அதிகம் என்று சொன்னவர்களுக்கும் ரொம்பக் குறைவு என்று சொன்னவர்களுக்கும் நடுவே குறைந்தது பத்து வயது வித்தியாசத்துக்குச் சமம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை, அதையும் சொல்லிடணும். ஆனாலும் அந்த ஆய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. நோயுள்ள பிள்ளை இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் எல்லாத் தாய்க்கும் குட்டையாகவில்லை. எவ்வளவு காலம், எவ்வளவு பாரமா உணர்ந்தாங்க என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது. நோயை நாம் மாற்ற முடியாது. பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ள முடியும்.

இன்னொரு அளவும் இருக்கு, கோயில்காரர்களான எங்களுக்கு அதைக் கேட்டதும் சிலிர்த்துப் போச்சு. கார்ட்டிசால் என்ற சுரப்பி நீர், பதற்றம் நீடிக்கும்போது உடம்பில் கூடும். அது முடியிலும் படியும். முடி மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளருது. ஆக, தலையோடு ஒட்டி மூணு சென்டிமீட்டர் முடியை எடுத்துப் பரிசோதித்தால் கடந்த மூணு மாசத்துக் கதை தெரியும். பிள்ளைக்கு மருந்தில் முடி கொட்டினதும், "எனக்கும் வேண்டாம்" என்று மொட்டை போட்டு முடிகாணிக்கை செலுத்தும் தாய்மார் உண்டு. அந்த முடியில் எத்தனை ராத்திரிகளின் கணக்கு இருந்திருக்கும்!

சரி, கேள்வித்தாள் இருக்கு, நம்ம ஆட்கள் உண்மையா நிரப்புவாங்களா? இதுதான் எங்களுக்கு உள்ள பெரிய சந்தேகம்.

ஒன்று, மொழி. "ஸ்டிரெஸ்" என்பதற்கு நாம் எழுதும் வார்த்தை மன அழுத்தம். அதே வார்த்தையை டிப்ரெஷனுக்கும் எழுதுகிறோம். ஒரு அம்மாவிடம் "உங்களுக்கு மன அழுத்தம் இருக்கா?" என்று கேட்டால், ஏதோ மனநோய் இருக்கா என்று கேட்பதாகத்தான் காதில் விழும். "அய்யய்யோ, அதெல்லாம் இல்ல" என்று உடனே பதில் வரும். அதே அம்மா "நெஞ்சை அடைக்குது", "தலை பாரமாவே இருக்கு", "சாப்பாடு இறங்க மாட்டேங்குது", "யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழறேன்" என்று தானாகச் சொல்வாங்க. நம்ம மக்கள் பாரத்தை உடம்பில்தான் சொல்வார்கள். கேள்வித்தாளை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடி வைச்சுட்டு ஒரு நாள் அன்னதானக் கூடத்தில் வந்து உட்காரலாம்.

இரண்டாவது, பயம். கஷ்டமா இருக்கு என்று வாய்விட்டுச் சொன்னால் பிள்ளையைச் சுமை என்று சொன்ன மாதிரி ஆயிடுமோ, சாமி கோவிச்சுக்குமோ, அதுவே பலிச்சிடுமோ என்று. 1 முதல் 5 வரை என்று தாள் கொடுத்தால் எல்லாத்துக்கும் 1 போடும் தாய், பாரம் இல்லாத தாய் என்று அர்த்தமாகாது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது 5 போட முடியுமா?

மூன்றாவது, நாம். ஆமா, கோயிலுக்கு வரும் நாம்தான். "போன ஜென்மத்துக் கணக்கு", "கர்ப்பமா இருக்கும்போது எங்கயாவது போனியா", "வேண்டுதல் ஏதாவது பாக்கி வெச்சிருப்பீங்க". இதையெல்லாம் பிரகாரத்தில் வைத்தே, நல்ல எண்ணத்தோடுதான், சொல்கிறார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தத் தாயின் தாளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 5 ஏறுது. "நீ தைரியசாலிம்மா, உன்னால முடியும்" என்பதுகூட அப்படித்தான். அதுக்கு அப்புறம் எப்படி அழுவாங்க?

தேவாரம் படிக்கும் நமக்கு இது தெரியாத கதை இல்லை. திங்களூர் அப்பூதி அடிகள் வீட்டுக்கு அப்பர் பெருமான் சாப்பிட வந்த நாள். வாழை இலை அறுக்கப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டுது. இலையைத் தாயிடம் கொடுத்துட்டுப் பிள்ளை விழறான். பெத்தவங்க என்ன செய்தாங்க? விருந்து கெடக்கூடாது என்று உடலை மறைச்சு வெச்சுட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பரிமாறத் தயாரானாங்க. இந்தக் கதையைச் சொல்லும்போது சொற்பொழிவாளர்கள் அந்தப் பெற்றோரின் பக்தியை உருகி உருகிச் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் அப்பர் செய்ததை ஒரு வரியில் தாண்டிப் போயிடறாங்க.

அப்பர் அந்த அமைதியை நம்பலை. எல்லாருக்கும் திருநீறு கொடுக்கும்போது மூத்த பிள்ளை எங்கே என்று குறிப்பிட்டுக் கேட்டார். இப்போது அவன் உதவ மாட்டான் என்கிற மாதிரி ஒரு மழுப்பல் பதில் வந்தது. அவருக்கு மனசு ஒப்பலை. மறுபடி கேட்டார். அப்புறம்தான் உண்மை வந்தது. பிறகு பதிகம் பாடியது, பிள்ளை எழுந்தது எல்லாம் நமக்குத் தெரியும். பிள்ளை எழுந்த பிறகும் அந்தப் பெற்றோர் எதுக்கு வருந்தினாங்க தெரியுமா? அடிகள் சாப்பிடலையே என்று. அதையும் கவனிச்சு அப்பர் அவங்களோடு உட்கார்ந்து அமுது செய்தார். விஷம் இறக்கும் வரம் நமக்கு இல்லை. குறிப்பா ஒரு கேள்வி கேட்டு, மழுப்பல் பதில் வந்தால் இரண்டாவது தடவை கேட்டு, கூட உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் வரம் தேவையில்லை.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதைப் பற்றியும் எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிடறோம். புற்றுநோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கான மனநலப் பராமரிப்புத் தரவிதிகள் 15, அமெரிக்க நிபுணர்கள் முன்னெடுத்து 2015-இல் வெளியாயின. பெற்றோரின் மனநலத்தை ஆரம்பத்திலேயும் தொடர்ந்தும் பார்க்கணும் என்பது அதில் ஒன்று. தொடர்ந்து என்பதுதான் முக்கியம். நோய் தெரிஞ்ச வாரத்தில் எல்லாரும் கேட்பாங்க. சிகிச்சை முடிஞ்சு மணி அடிச்சு, கேக் வெட்டி, வீட்டுக்கு வந்த பிறகுதான் பல அம்மாக்கள் உடைஞ்சு போறாங்க. அப்போ தாதியரும் இல்லை, பக்கத்துக் கட்டில் அம்மாவும் இல்லை, பிள்ளைக்குச் சாதாரண இருமல் வந்தாலும் ராத்திரி முழுக்க வெப்பமானியோடு உட்கார்ந்திருப்பாங்க.

42 கேள்விக்கு நேரம் இல்லை என்பார்கள். நெதர்லாந்தில் 2013-இல் பெற்றோருக்கென்றே ஒரு சின்ன அளவுகோலைச் செய்து வெளியிட்டார்கள். தாளில் ஒரு வெப்பமானி படம், 0 முதல் 10 வரை. கடந்த வாரம் உங்க பாரம் எங்கே இருந்தது என்று ஒரு கோடு. 4 அல்லது அதுக்கு மேல் போனால் கவனிக்கணும். கூடவே வீடு, பணம், தூக்கம், பிள்ளை வளர்ப்பு என்று எதில் சிக்கல் என ஒரு பட்டியல், யாரிடமாவது பேச விருப்பமா என்று ஒரு கேள்வி. சில நிமிஷ வேலை. பார்க்கிங் கூப்பன் கிழிக்கும் நேரம்னு சொல்வாங்களே, அதைவிடக் கொஞ்சம் கூட. இதை ஒவ்வொரு தடவை வரும்போதும், தமிழிலும், அம்மாவுக்குத் தனியா அப்பாவுக்குத் தனியா கொடுக்கணும். 8 என்று கோடு போட்டவரை அன்றைக்கே யாராவது கூப்பிட்டுப் பேசணும். எண்ணை வாங்கி ஃபைலில் வைத்து மூடுவதா இருந்தால் கேட்காமலே இருக்கலாம். மனசைத் திறக்கச் சொல்லிட்டு எழுந்து போவது பெரிய கொடுமை.

கோயிலில் நாம் கேள்வித்தாள் கொடுக்கப் போவதில்லை. அதுக்குப் படிச்சவங்க இருக்காங்க. நாம் மார்க் போட ஆரம்பிச்சால் அடுத்த வாரம் யாருக்கு எத்தனை மார்க் என்று கோப்பிக்கடையில் பேச்சு வரும், நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா? ஆனால் அந்தத் தாளில் இருந்து இரண்டு பழக்கத்தை எடுத்துக்கலாம். பொதுவா "எப்படி இருக்கீங்க" என்பதை விட்டுட்டு, இந்த வாரத்தைப் பற்றி, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்பது. "அக்கா, இந்த வாரம் எத்தனை ராத்திரி முழுசாத் தூங்கினீங்க?" "அண்ணே, கடைசியா எப்போ உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" "சின்னவளை ஸ்கூலில் இருந்து யார் கூட்டிட்டு வர்றாங்க?" பதில் ஒரு எண்ணாவோ ஒரு பேராவோ வரும். அதில் இருந்தே நம்ம வேலை என்ன என்று தெரிஞ்சிடும்.

நம்ம சமூகம் உதவாத சமூகம் இல்லை. பணம் திரட்டணும் என்றால் ஒரே ராத்திரியில் வாட்ஸ்அப் குழுக்கள் பற்றி எரியும். மிருத்யுஞ்சய ஹோமம் என்றால் நெய் டின் வரிசையா வந்து நிற்கும். அது தேவை, நிறுத்த வேண்டாம். அதுக்கு அப்புறம் வரும் நூறு செவ்வாய்க்கிழமைகளுக்குத்தான் ஆள் இல்லை. மூத்த பையனுக்கு பிஎஸ்எல்இ, கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. வீட்டில் குப்பை இறக்கி நாலு நாள் ஆச்சு. மருத்துவமனையில் ரெண்டு மணி நேரம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார யாராவது இருந்தால் அந்த அம்மா வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வருவாங்க. கேட்கவும் கூச்சம், அவங்க கேட்க மாட்டாங்க.

சின்ன எச்சரிக்கை. கடும் மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைஞ்சிருக்கும். பாசத்தில் பத்துப் பேர் கிளம்பிப் போய் கன்னத்தைக் கிள்ளாதீங்க. சளி இருந்தால் போகவே போகாதீங்க. பிரசாதம், பூ, பழம் எதுவானாலும் டாக்டர் எதை அனுமதிச்சிருக்கார் என்று வீட்டில் கேட்டுட்டு எடுத்துப் போங்க. பிள்ளையைப் பார்க்க முடியலையே என்று வருத்தப்பட வேண்டாம், நீங்க பார்க்கப் போறது பெத்தவங்களை.

உதவி அமைப்புகளும் இங்கே இருக்கு. சிறார் புற்றுநோய் அறநிறுவனமும், நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்கான கிளப் ரெயின்போவும் 1992-இல் இருந்து இயங்குது. மருத்துவமனையிலேயே மருத்துவச் சமூக ஊழியர்கள் இருப்பாங்க, தாதியரிடம் கேட்டால் சேர்த்து விடுவாங்க. அவங்களைப் பார்ப்பது காசு இல்லாதவங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்குது, யாரிடமும் சொல்ல முடியலை என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் உண்டு. உயிரை விட்டுடலாமா என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் 1767. இந்த ரெண்டு எண்ணையும் போனில் சேமிச்சு வைங்க. உங்களுக்கு வேண்டாம் என்றாலும் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு வேண்டி வரலாம்.

இந்த வாரத்தில் இருந்து அர்ச்சனைக் கௌண்டரில், பிள்ளைக்காக வரும் பெற்றோரின் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டுச் சேர்த்து எழுதுவோம், தனிக் கட்டணம் இல்லை. குருக்கள் ஐயாவும் சரி என்று சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை ராகுகால பூஜை முடிஞ்சு சாயங்காலம் ஏழு மணி வரை அன்னதானக் கூடத்துக்கு வெளியே ஒரு மேசை போட்டு நாங்க இரண்டு பேர் இருப்போம். உதவி வேணும் என்றாலும், உதவ முடியும் என்றாலும் வாங்க. பேர் விவரம் எங்களுக்குள்ளேயே இருக்கும், அறிவிப்புப் பலகையில் வராது. சமைக்க இப்போதைக்கு ஆள் போதும். கார் ஓட்டுபவர்கள், கணக்கும் அறிவியலும் சொல்லித்தரத் தெரிஞ்சவங்க, செவ்வாய் புதன் மத்தியானம் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடிஞ்சவங்கதான் தேவை. மாமாக்களும் அண்ணன்மார்களும் கட்டாயம் வரணும். அப்பாக்களிடம் பேச எங்களுக்கு ஆண் தொண்டூழியர்கள் மூணு பேர்தான் இருக்காங்க.